குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாத பொருள்: மின்கழிவுச் சட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கைப்பேசி சார்ஜரைத் திருப்பி, அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பவற்றைச் சற்று உற்றுப் பாருங்கள். சக்கரம் வைத்த குப்பைத் தொட்டி ஒன்றும், அதன் மேல் பெருக்கல் குறிபோல் இரு கோடுகளும் தெரியும். பல சார்ஜர்களில் தொட்டிக்குக் கீழே தடித்த பட்டை ஒன்றும் இருக்கும். மலேசியாவின் நெகிரி செம்பிலானிலுள்ள பகாவ் நகரின் கைப்பேசிக் கடையில் வாங்கியிருந்தாலும், சம்பளம் போட்ட வாரத்தில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கியிருந்தாலும் இந்தக் குறி பெரும்பாலும் இருக்கிறது. இந்தப் பொருளைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கக் கூடாது என்பதே அதன் பொருள். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி இடப்படும் குறி. அடியிலுள்ள பட்டை, அந்தப் பொருள் 2005 ஆகஸ்டு 13ஆம் நாளுக்குப் பிறகு அங்கே சந்தைக்கு வந்தது என்பதைக் காட்டுகிறது. ஒரே தொழிற்சாலையில் செய்து பல நாடுகளுக்கும் அனுப்புவதால் குறி நம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தக் குறிக்குப் பின்னால் அங்கே இருக்கும் ஏற்பாடு நம் வீட்டு வாசல்வரை இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. மலேசியாவில் மின்கழிவுக்குச் சட்டம் உண்டு. கடுமையான சட்டமே உண்டு. அந்தச் சட்டம் யாரைப் பின்தொடர்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் பழைய சாமானை என்ன செய்வது என்பது விளங்கும்.

மின்கழிவு என்றால் என்ன என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்கி, இனி வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட எந்தப் பொருளும் மின்கழிவுதான். குளிர்பெட்டி, சலவை இயந்திரம், மின்விசிறி, கணினி, ரைஸ் குக்கர், பாட்டுப் பாடும் பொம்மை வரை அனைத்தும் இதில் அடங்கும். ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே.

பழைய மேசை நாற்காலிக்கு இல்லாத சட்டம் இதற்கு மட்டும் ஏன் தேவை என்று கேட்கலாம். இதற்குப் பதிலாக நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு முழுமையாக நின்றது. டிகோடர் ஒன்றை இணைத்தால் பழைய தொலைக்காட்சியிலேயே தொடர்ந்து பார்த்திருக்கலாம். ஆனாலும், தீபாவளியும் கடந்திருந்த அந்த நேரத்தில், பலரும் புதிதாகத் தட்டைத் தொலைக்காட்சியையே வாங்கினார்கள். பின்புறம் குண்டாக இருக்கும் பழைய பெட்டித் தொலைக்காட்சிகள் வீட்டுக்கு வெளியே வந்தன. தோட்டத்தில் அம்மா குடியிருந்த லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னாலும் ஒன்று கிடந்தது. பழைய சாமான் வாங்கும் லோரி வந்தபோது, அதில் வந்தவர் பெட்டியை அங்கேயே கவிழ்த்து, பின்மூடியைக் கழற்றி, படக்குழாயின் மெல்லிய கழுத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். காற்று உள்ளே பாயும் சத்தம் கேட்டது. கழுத்தைச் சுற்றியிருந்த செம்புக் கம்பிச் சுருளை உருவி எடுத்துக்கொண்டார்.

"கண்ணாடியையும் எடுத்துட்டுப் போயிடுங்கண்ணே" என்றேன்.

"கண்ணாடிக்கு யாரு காசு தர்றா தம்பி?" என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார்.

உடைந்த கண்ணாடி கால்வாய் ஓரத்தில் கிடந்தது. திரையின் உட்பக்கத்தில் பூசியிருந்த வெளிர்நிறப் பொடி, அன்று மாலை பெய்த மழையோடு சேர்ந்து கால்வாயில் இறங்கியது.

அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி அன்று. படக்குழாய்க்குள் உருவாகும் எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காக அதன் கழுத்திலும் புனல் பகுதியிலும் ஈயம் கலந்திருப்பார்கள். அளவைப் பொறுத்து ஒரு தொலைக்காட்சியில் ஏறத்தாழ 1 முதல் 3 கிலோ வரை ஈயம் இருக்கும். உட்பூச்சிலும் உலோகச் சேர்மங்கள் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. லயத்துக் கால்வாய் நீர் சிற்றோடைக்குப் போகிறது. இங்கே ஓடும் ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் கலக்கிறது. செம்பு மட்டும் விலைபோகிறது, நச்சு நம்மிடமே தங்கிவிடுகிறது. மின்கழிவுச் சிக்கலின் வேர் இதுதான். மதிப்புள்ள பகுதியும் ஆபத்தான பகுதியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. காசு தரும் பகுதியை எடுப்பவர் மற்றதையும் பொறுப்பேற்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டாயம்தான் சட்டம்.

மலேசியாவில் இதற்கு அடிப்படை, 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். அதன் கீழ், அட்டவணைக் கழிவுகளுக்கான விதிமுறைகள் 2005 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்தன. மலாயில் 'புவாங்கான் தெர்ஜாடுவால்' என்று சொல்லப்படுவது இதுவே. ஆபத்தானவை என்று அரசாங்கம் கருதும் கழிவுகளை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். மின்கழிவின் எண் எஸ்.டபிள்யூ. 110 (அட்டவணைக் கழிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே எஸ்.டபிள்யூ.). ஈயம், காட்மியம், பாதரசம், நிக்கல், குரோமியம், செம்பு, லித்தியம், வெள்ளி, மாங்கனீசு போன்றவை கலந்த மின், மின்னணுப் பாகங்களும், படக்குழாய்க் கண்ணாடியும் இந்த எண்ணுக்குள் வருகின்றன. மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இருக்கும் ஈய அமில பேட்டரி 102; காட்மியம், நிக்கல், பாதரசம், லித்தியம் அடங்கிய பேட்டரிகள் 103; பாதரசம் கலந்த கழிவு 109. நீளக் குழல் விளக்கை இந்தக் கடைசி எண்ணோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த எண் ஒரு பொருளின் மேல் விழுந்துவிட்டால் அதன் பயணம் முழுவதும் கண்காணிப்புக்குள் வந்துவிடுகிறது. சிரம்பானிலோ பினாங்கிலோ உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகை ஒன்று பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட கழிவு உண்டானதை 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தொழிற்சாலை தெரிவிக்க வேண்டும். கழிவை ஒழுகாத கலத்தில் வைத்து, அது உண்டான தேதியையும் தொழிற்சாலையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் அதன் மேல் ஒட்ட வேண்டும். 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ சேர்த்து வைக்கக் கூடாது. எவ்வளவு உண்டானது, எவ்வளவு வெளியேறியது என்ற பதிவேட்டை 3 ஆண்டுகள் காக்க வேண்டும். ஏற்றிச் செல்லும் லோரிக்கு உரிமம் வேண்டும், பெற்றுக்கொள்ளும் ஆலைக்கும் உரிமம் வேண்டும். அனுப்புபவர், ஏற்றுபவர், பெறுபவர் ஆகிய மூவரும் ஒரே ஆவணத்தில் தத்தம் பகுதியைப் பதிவு செய்கிறார்கள். இப்போது இது ஈ-ஸ்விஸ் என்னும் இணைய அமைப்பின் வழியே நடக்கிறது. கழிவு வழியில் எங்காவது காணாமற்போனால் யாருடைய கையில் இருந்தபோது காணாமற்போனது என்பது அந்த ஆவணத்தில் தெரிந்துவிடும். எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருக்காமல், ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாளி ஆக்குகிறது.

பெற்றுக்கொள்ளும் ஆலைகளிலும் இரு வகை உண்டு. ஒரு வகை ஆலை பொருளைக் கழற்றிப் பிரிப்பதோடு நின்றுவிடும்: இரும்பு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், பலகைகள் ஒரு பக்கம் என்று பிரித்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். இதைப் பகுதி மீட்பு என்பார்கள். முழு மீட்பு ஆலையோ பலகைகளிலிருந்து தங்கம், வெள்ளி, செம்பு போன்றவற்றைப் பிரித்தெடுக்கும் வரை செல்லும். இதற்குப் பயன்படும் கரைசல்கள் கொடியவை. ஆகவே புகையை வடிகட்டும் கருவியும் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் அமைப்பும் அங்கே இருந்தாக வேண்டும். எதையும் மீட்க முடியாமல் எஞ்சும் நச்சுக் கழிவை எரிக்கவும் பாதுகாப்பாகப் புதைக்கவும் நம் நெகிரி செம்பிலானிலேயே, புக்கிட் நானாசில், 1990களின் பிற்பகுதியிலிருந்து ஒரு பெரிய மையம் இயங்குகிறது.

மீறினால் தண்டனை சிறிதன்று. 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, மிகக் கடுமையான குற்றங்களுக்கான அபராதத்தின் உச்ச வரம்பு 10 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) உயர்த்தப்பட்டது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாடே பார்த்தது. அங்கே கொட்டப்பட்டது மின்கழிவு அன்று. ஆனாலும் அட்டவணைக் கழிவு ஒன்று ஆவணத்தை விட்டு நழுவினால் என்ன ஆகும் என்பதை அது போல வேறெதுவும் காட்டியதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தொழிற்சாலையில் பழுதான பலகைக்கும் அம்மாவின் தொலைக்காட்சிக்குள் இருந்த பலகைக்கும் நச்சில் வேறுபாடு இல்லை. ஆனால் 30 நாள் அறிவிப்பு, பதிவேடு, 20 டன் வரம்பு என்றெல்லாம் பேசும் 2005 விதிகள் தொழிலகங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத் தலைவி ஈ-ஸ்விஸ்-இல் பதிவு செய்வார் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சரி, வீட்டுக் குப்பைக்கென்று தனிச் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம், அதாவது சட்டம் 672, நெகிரி செம்பிலான் உட்பட அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் 2011 முதல் நடப்பில் உள்ளது. எஸ்.டபிள்யூ.கோர்ப் என்ற கழகம் அதைக் கவனிக்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையைத் தரம் பிரித்து வைப்பது கட்டாயமானது; 2016 ஜூன் 1 முதல் மீறுவோருக்கு அபராதமும் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் பெரிய சாமானுக்கும் என்று லோரி வருகிறது. பேராக், சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்கள் இந்தச் சட்டத்தை ஏற்கவில்லை. அங்கே ஊராட்சி மன்றங்களே குப்பையைக் கவனிக்கின்றன. ஆனால் சட்டம் 672 திடக்கழிவு என்பதற்குத் தரும் வரையறையிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. அட்டவணைக் கழிவு அந்த வரையறைக்குள் வராது.

ஆக, ஒரு சட்டம் வீட்டை எட்டவில்லை, மற்றொரு சட்டம் அந்தப் பொருளை எட்டவில்லை. வீட்டு மின்கழிவு இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நிற்கிறது. சுற்றுச்சூழல் துறை வீட்டு மின்கழிவில் தொலைக்காட்சி, குளிர்பெட்டி, சலவை இயந்திரம், குளிர்சாதனம், கணினி, கைப்பேசி ஆகிய ஆறையும் முதன்மையாகக் கொண்டு சேகரிப்பு மையங்களை ஊக்குவித்து வருகிறது. அது நல்ல முயற்சி. எனினும் இன்றுவரை பெரும்பாலும் நம் விருப்பத்தை நம்பி நிற்பது. அந்த மையங்களும் பெருநகரங்களில்தான் அதிகம். பகாவிலிருந்து சிரம்பானுக்குப் பழைய குளிர்பெட்டியை ஏற்றிப் போக லோரி வாடகை கொடுப்பவர் யார்? வாசலுக்கே வந்து கையில் சில வெள்ளியும் தருகிறவரிடம் போடுவதுதான் மனித இயல்பு.

அந்த லோரிக்காரரைக் குற்றவாளியாக்கி எழுதுவது எனக்கு உடன்பாடன்று. தோட்டங்கள் கைமாறி லயங்கள் காலியானபோது, பழைய இரும்பு வாங்கி விற்றே பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களை நான் அறிவேன். சிக்கல் அவருக்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கம்பியின் பிளாஸ்டிக் உறையை உரிக்கப் பொறுமையில்லாமல் திறந்தவெளியில் எரித்தால், அதிலுள்ள பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் எரிந்து ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின் என்ற கொடிய நச்சும் வெளிவருகின்றன. டயாக்சின் உருவாவதைச் செம்பே விரைவுபடுத்தவும் செய்கிறது. குளிர்பெட்டியின் செப்புக் குழாயை வெட்டி எடுக்கும்போது உள்ளிருக்கும் வாயு ஒரே மூச்சில் காற்றில் கலந்துவிடும். மிகப் பழைய பெட்டிகளில் ஓசோன் படலத்தை அரிக்கும் சி.எஃப்.சி. என்ற வாயு இருக்கும், அதற்குப் பின் வந்த பலவற்றில் உள்ள ஆர்-134ஏ என்ற வாயு, நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இவை எதற்கும் அந்த லோரிக்காரரிடம் கருவியும் இல்லை, பயிற்சியும் இல்லை. கொடுக்க வேண்டும் என்று எந்த நிறுவனத்தையும் சட்டம் கட்டாயப்படுத்தவும் இல்லை.

தோட்டப்புறத்து மக்களுக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. உரிமமின்றி மின்கழிவை உருக்கும் கொட்டகைகளை நடத்துவோர் தேடிப் போவது, பார்வையிலிருந்து ஒதுங்கிய இடங்களை. செம்பனைத் தோட்டங்களின் உட்பகுதி அவர்களுக்கு அதனாலேயே வசதியாகப் போய்விடுகிறது. சுற்றுச்சூழல் துறையின் சோதனைகளில் இப்படிப்பட்ட இடங்கள் திரும்பத் திரும்பப் பிடிபட்டுள்ளன. அங்கே கொட்டிக் கிடப்பதில் நம் நாட்டுப் பழைய சாமான் மட்டுமில்லை, கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுக் கழிவும் உண்டு. அந்தக் கடல்வழிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது பாசெல் ஒப்பந்தம். 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்த அதில் மலேசியா 1993இல் சேர்ந்தது. பெறும் நாடு முன்கூட்டி எழுத்து மூலம் சம்மதிக்காமல் ஆபத்தான கழிவை அதன் எல்லைக்குள் அனுப்பக் கூடாது என்பதே அதன் உயிர்நாடி. ஆபத்தில்லாதது என்று பெயர் சூட்டி அனுப்பும் ஓட்டையை அடைக்க, 2025 ஜனவரி 1 முதல் எல்லா மின்கழிவுக்கும் அந்த முன்சம்மதம் தேவை என்று விதி திருத்தப்பட்டது. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் இன்னும் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே தோட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் இரவில் மட்டும் லோரிகள் வந்துபோவதையோ, பிளாஸ்டிக் எரியும் காட்டமான நெடியையோ உணர்ந்தால், தோட்டத்துத் தண்டலிடமோ (மேற்பார்வையாளர்) கிராணியிடமோ (எழுத்தர்) சொல்வதோடு நிறுத்தாமல் சுற்றுச்சூழல் துறைக்கும் புகார் செய்யுங்கள். சோதனைக்கு வருவதும் நடவடிக்கை எடுப்பதும் அந்தத் துறையின் அதிகாரம்.

சார்ஜரில் குறி இட்ட ஐரோப்பியர்கள் வீட்டு மின்கழிவுக்கு என்ன வழி செய்தார்கள்? 2002இல் பிறப்பித்து 2012இல் புதுப்பித்த கட்டளையின்படி, பொருளைச் செய்து விற்பவரே அதன் முடிவுக்கான செலவையும் ஏற்க வேண்டும். உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்று இதைச் சொல்வார்கள். புதியது வாங்கும்போது அதே வகைப் பழையதைக் கடைக்காரர் இலவசமாகத் திரும்பப் பெற வேண்டும். மின்பொருளுக்கென 400 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் விற்பனைப் பரப்பு உள்ள கடைகள், 25 சென்டிமீட்டருக்கும் சிறிய பொருள்களை, நாம் எதுவும் வாங்காவிட்டாலும் ஏற்க வேண்டும். ஜப்பான் 2001இல் வேறு வழியில் போயிற்று: தொலைக்காட்சி, குளிர்பெட்டி, சலவை இயந்திரம், குளிர்சாதனம் ஆகிய நான்கையும் ஒதுக்கும்போது வீட்டுக்காரரே கட்டணம் செலுத்துகிறார், பிரித்து மீட்கும் கடமை உற்பத்தியாளருடையது. எனக்கு ஐரோப்பிய முறையே நம் நாட்டுக்குப் பொருத்தமாகப் படுகிறது. தூக்கிப் போடும் நாளில் காசு கேட்டால் நம் பக்கத்தில் பழைய சாமான் செம்பனை மரத்தடிக்குத்தான் போகும். வாங்கும் விலையிலேயே அந்தச் செலவு சேர்ந்துவிட்டால், கொடுக்கும்போது கை கூசாது. மலேசியாவிலும் வீட்டு மின்கழிவுக்கென்று இப்படி ஒரு தனி விதிமுறை வர வேண்டும் என்ற பேச்சு நெடுநாளாகவே உண்டு.

அதுவரை செய்யக் கூடியவை சில உண்டு. பெரிய சாமானைக் கொடுக்கும்போது உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். நம் வாசலில் வைத்துப் பிரிக்க விடாதீர்கள். குளிர்பெட்டியின் பின்பக்கக் குழாயை யாரும் வெட்ட அனுமதிக்காதீர்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ எளிதில் தீப்பிடிக்கும் வாயு. குழல் விளக்கு உடையாமலிருக்க அது வந்த அட்டை உறையிலேயே திரும்பச் செருகி வையுங்கள். உப்பிப்போன கைப்பேசி பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, குப்பை லோரிக்கும் போடக் கூடாது. லோரியின் அழுத்தும் தகட்டில் அது நசுங்கினால் தீப்பிடிக்கும். மற்ற பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். கைப்பேசியைக் கொடுக்குமுன் அதிலுள்ள படங்களையும் வங்கிச் செயலிகளையும் அழித்துவிடுங்கள்.

தூரம்தான் பெரிய தடை என்பதால், ஒரு வீடாக இல்லாமல் பல வீடுகளாகச் சேர்வதில் பயன் உண்டு. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிர்வாகமோ ஒரு நாளைக் குறித்துச் சேகரித்தால், உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்கு ஒரு லோரி அனுப்புவது கட்டுபடியாகும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் சேகரிப்பாளரிடம் பேசி, அவர் எந்த நாளில் வருவார் என்பதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே மக்களிடம் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளி வளாகத்தில் மாதக் கணக்கில் மின்கழிவு குவிந்து கிடக்கும்.

அந்தச் சேகரிப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுற்றுச்சூழல் துறையின் உரிமம் இருக்கிறதா, அந்த உரிமத்தில் எஸ்.டபிள்யூ. 110 என்ற எண் இருக்கிறதா, இங்கிருந்து ஏற்றிச் செல்வது எந்த ஆலைக்குப் போகிறது? முறையாகத் தொழில் செய்பவர் இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார். உரிமத்தின் நகலை எடுத்துக் காட்டுவார். ஆலையின் பெயரைச் சொல்லத் தயங்குபவரிடம் பழைய தொலைக்காட்சியைக் கொடுக்காமல், மழை படாத ஓர் இடத்தில் இன்னும் சிறிது காலம் வைத்திருப்பது மேல். உடையாத வரை அந்தக் கண்ணாடியில் உள்ள ஈயம் எங்கும் போகாது.